ஆறு மாதம் காத்துக் கிடந்த விடை

2021 ஏப்ரல், மே மாதங்களில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் எல்லாக் குழுக்களிலும் ஒரே மாதிரி வேண்டுகோள்: 'ஏ பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்', கீழே மருத்துவமனையின் பெயர், ஒரு செல்பேசி எண். கொரோனாவிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பொருள் இருக்கும், அதிலிருந்து பிரித்த பிளாஸ்மா என்ற மஞ்சள் திரவத்தை ஏற்றினால் நோயாளி பிழைத்துக்கொள்வார் என்று ஊரே நம்பியது. ஆனால், அதனால் உயிர் பிழைக்கிறதா என்ற கேள்விக்கு இந்தியா விடை கண்டு அப்போதே ஆறு மாதம் ஆகியிருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய 'பிளாசிட்' ஆய்வில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை நாடெங்கும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு 200 மில்லி பிளாஸ்மா, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. 28 நாளில் பிளாஸ்மா ஏற்றியவர்களில் 15 சதவீதம் பேரும் ஏற்றாதவர்களில் 14 சதவீதம் பேரும் இறந்தார்கள். கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணை. பிளாஸ்மா இல்லாமலே நூற்றுக்கு 86 பேர் பிழைத்திருக்கிறார்கள். தன் வார்டில் இருபது பேருக்கு ஏற்றிய மருத்துவர், பதினேழு பேர் எழுந்து வீட்டுக்குப் போவதைக் கண்ணால் பார்ப்பார். பிளாஸ்மாவை நம்பாமல் என்ன செய்வார்? ஏற்றாவிட்டாலும் ஏறக்குறைய அத்தனை பேர் போயிருப்பார்கள் என்பது அந்த வார்டுக்குள் நின்றால் தெரியாது. பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து, ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்டால்தான் பிடிபடும்.

உயிர் ஊசலாடும்போது குலுக்கிப் போடுவதா என்று கேட்கலாம். பலன் தெரியாத ஒன்றை எல்லோருக்கும் ஏற்றுவதும் சோதனைதான். கணக்கு வைக்காத சோதனை. மருத்துவர்கள் எழுப்பிய ஆட்சேபம் இதைவிட வலுவானது: பிளாசிட்டில் ஏற்றிய பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் எவ்வளவு என்று முன்கூட்டி அளக்கவில்லையே? உண்மை. ஆனால், அன்றைக்கு வார்டுகளில் ஏற்றப்பட்டதும் பெரும்பாலும் அப்படி அளக்காத பிளாஸ்மாதான். பின்னர் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, எதிர்ப்பொருள் மிகுந்த பிளாஸ்மாவையே தேர்ந்தெடுத்து 11,558 பேரிடம் ஒப்பிட்டது. இரு பிரிவிலும் இறப்பு 24 சதவீதம்.

ஆக, கேள்வி கேட்க நம்மிடம் மருத்துவமனைகளின் வலைப்பின்னல் இருக்கிறது. விடையைப் படிக்கவும் தடை இருந்ததில்லை. உலக ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் நூலகத்தை இந்தியர் எவரும் இலவசமாகப் படிக்க 2007-லேயே ஐ.சி.எம்.ஆர். வழிசெய்தது. விடுபட்டது கடைசிக் கண்ணி: விடையைச் சிகிச்சையாக மாற்றுவது. பிளாசிட் முடிவு 2020 அக்டோபரில் மருத்துவ இதழில் வெளியானது. கண்டபடி பயன்படுத்த வேண்டாம் என்று நவம்பரில் ஓர் அறிவுரை வந்தது, ஆனால் தேசியச் சிகிச்சை நெறிமுறையில் பிளாஸ்மா நிபந்தனைகளோடு நீடித்தது. நெறிமுறையிலேயே இருக்கும்போது, கைகூப்பி நிற்கும் உறவினரிடம் எந்த மருத்துவர் 'வேண்டாம்' என்பார்? கடைசியில் அது நீக்கப்பட்டது 2021 மே 17 அன்று. ஒரு நாள் தொற்று நான்கு லட்சத்தைத் தாண்டிய இரண்டாம் அலையின் உச்சம் அதற்குப் பத்து நாள் முன்பே கடந்திருந்தது.