இலவம் பூக்கும் இரவைச் சுவரில் வரையுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தோப்புகளில் இலவ மரம் பூப்பது மார்கழி, தை மாதங்களில். இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும் கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பூ. பொழுது சாய்ந்த பிறகுதான் அது மலரும். இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள் வந்து கொத்தைப் பற்றிக்கொண்டு, முகத்தைப் பூவுக்குள் புதைத்துத் தேன் குடிக்கின்றன. விலகிப் பறக்கும்போது மூக்கிலும் மார்பு ரோமத்திலும் மகரந்தம் அப்பியிருக்கும். அது அடுத்த மரத்துப் பூவுக்குப் போய்ச் சேர்கிறது. விடிந்தபின் மரத்தடிக்கு வருகிற நம் கண்ணில் படுவது உதிர்ந்த பூக்களும் மிச்சத் தேனுக்கு மொய்க்கும் தேனீக்களும்தான். நல்ல பெயர் தேனீக்குப் போய்விடுகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலவ மரங்களடியில் இரவுகளில் காத்திருந்து இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இலுப்பைக்கும் மகரந்தம் சுமப்பவை வௌவால்களே. பப்பாளிக்கும் மரமல்லிக்கும் பருந்து அந்துப்பூச்சிகள் வருகின்றன. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் எடுக்கும் பூச்சி அது.

இந்த இரவு வேலையை ஊர்ப் பொதுச்சுவரில் பெரிதாக வரைய வேண்டும். அதற்கு ராஜபாளையத்தை அடுத்த தேவதானத்தைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம் தேவதானம் நச்சாடை தவிர்த்த லிங்கசுவாமி கோயில். ஆகாயத்தைத் தெய்வமாகக் கும்பிடும் ஊரில் இரவு வானம் சுவரேறுவது இயல்பாகவே இருக்கும். மேற்கே நிற்கும் மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமானது. 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று.

அந்த மேகமலையில்தான் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு வௌவாலைப் பிடித்தார். சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி என்று பெயரெழுதி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் வைத்துவிட்டார்கள். தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத தனிப் பேரினம் என்று 1972-இல் அறிவித்தார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் அதற்கு வந்தது. நம் மலைக்கே உரிய இந்த உயிரின் படத்தை எந்தப் பள்ளிச் சுவரிலும் நான் கண்டதில்லை. காட்டுயிர் ஓவியம் என்றாலே புலி, யானை, மயில்.

அதே 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலியோடு சேர்த்துத் தொல்லை உயிரினப் பட்டியலில் வைத்தது. சலீம் அலியின் வௌவால் பிற்பாடு அதிலிருந்து தப்பியது. மற்றவை 2022 சட்டத்திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கும்வரை அதில்தான் கிடந்தன. ஐம்பது வருட அவப்பெயர் அரசிதழில் அழிந்தாலும் மனதில் அழியவில்லை.

மா, சப்போட்டா விவசாயிகளின் வருத்தமும் பொய்யில்லை. பழுத்ததை வௌவால் தின்கிறது. அதை மறைத்து வரைந்தால் ஊர் அந்த ஓவியத்தை நம்பாது. பாதி கடித்த மாம்பழமும் சுவரில் இருக்கட்டும். கடிபட்ட பழத்தைச் சாப்பிடக் கூடாது என்று பக்கத்தில் எழுதியும் வைக்கலாம். கடிபட்ட பழத்தால் நிபா வைரஸ் தொற்றும் என்ற பயத்தில் மரத்தை வெட்டுவதைவிட அது நல்லது.

சுவரோவியம் நமக்குப் புதிதல்ல. தெற்கே குற்றாலத்துச் சித்திரசபையில் சுவர் முழுக்கத் தெய்வக் கதைகள். 2020-இல் சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிகளை ஓவியர்கள் வண்ணத்தால் நிறைத்தபோது, அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத நகரம் தேடிப் போய்ப் பார்த்தது.

இரவை வரைவதில் ஒரு வசதி உண்டு. மங்கிய வெளிச்சத்திலும் தெரிய வேண்டும் என்றுதான் இரவுப் பூக்கள் பெரும்பாலும் வெளுப்பாக இருக்கின்றன. கருநீலச் சுவரில் ஓவியருக்கும் அதே வெள்ளைதான் கைகொடுக்கும். இலையில்லாத இலவங்கிளை, வௌவாலின் இறக்கைக்கு இடம் விடுவதுபோலவே தூரிகைக்கும் விடுகிறது. ஆனால் அடர்நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதனால் வடக்குப் பார்த்த சுவராகத் தேர்ந்தெடுங்கள். பழைய சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டி, பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷனில் வரைய வேண்டும். அடிச்சுவரில் ஓதம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து சுவர் காய்ந்தபின் தொடங்குங்கள். வரைவதற்கு முன் பள்ளிப் பிள்ளைகளைப் பெரியவர்கள் துணையோடு ஒரு மாலை இலவத் தோப்புக்குக் கூட்டிப் போங்கள். அவர்கள் கண்ணால் பார்த்தது ஓவியத்தில் ஏறட்டும்.

தேவதானம், சேத்தூர் பகுதி ஊராட்சிக்காரர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓவியம் முடிந்ததும் அதன்மேல் ஃபோகஸ் லைட் போடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் விளக்கு வைத்த புல்வெளிகளில் இரவுப் பூச்சிகள் பூவுக்கு வருவது 62 சதவீதம் குறைந்தது என்று 2017-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. திறப்பு விழாவைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.