நேவி ஆபீசர் வேலை: 10 வருஷமா, 20 வருஷமா?

சங்கரன்கோவிலில் இன்ஜினீயரிங் முடித்த பிள்ளை 'நேவி ஆபீசர் ஆகப்போறேன்' என்றால், வீட்டில் வரும் முதல் கேள்வி: "பென்ஷன் உண்டா?" சரியான கேள்விதான்.

டிகிரி முடித்தவர்கள் பலர் சேர்வது ஷார்ட் சர்வீஸ் கமிஷனில். 10 வருடப் பணி. அதன்பின் 2 வருடம் வீதம் இரண்டு முறை நீட்டிக்கலாம்; ஆக மொத்தம் 14. ஆனால் அதிகாரிகளுக்கு பென்ஷன் கிடைக்க 20 வருட சர்வீஸ் வேண்டும். கணக்கு இங்கேதான் இடிக்கிறது. முப்பதுகளின் நடுவில், கிராஜுவிட்டியோடு வெளியே வந்து இன்னொரு வேலை தேட வேண்டும். நிரந்தர கமிஷனுக்கு மாற வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. பெண் அதிகாரிகளுக்கும் அந்த வாய்ப்பை 2020 மார்ச்சில் உறுதிசெய்தது உச்ச நீதிமன்றம்.

அடுத்த சிக்கல், எந்தப் பிரிவு? போர்க்கப்பலின் கமாண்டிங் ஆபீசர் ஆவது எக்ஸிகியூட்டிவ் பிரிவினர்தான். இன்ஜினீயரிங் பிரிவில் இன்ஜின் உங்கள் பொறுப்பு. கப்பல் உங்கள் கையில் வராது. ஆனால் 10 வருடத்தில் கிளம்புவதாக இருந்தால், வெளியே சட்டென்று கைகொடுப்பது டெக்னிக்கல் அனுபவமே.

நீர்மூழ்கி ஆசை இருக்கிறதா? அது விருப்பப்பட்டுச் சேர்வது. நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம்தான் நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. உள்ளே இருப்பவர்கள் கேட்கலாம். அதே வழியில் பதில் சொல்ல முடியாது. வீட்டில் இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.