நெடுந்தீவுக்குப் போகும் கமரா

“அக்கா, எனக்கு நெடுந்தீவுக்கு நியமனம் வந்திருக்கு. குறைஞ்சது இரண்டு வருசம் அங்கதான். போக முதல் நல்ல கமரா ஒண்டு வாங்கப்போறன். எதை வாங்கட்டும்?”

இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவர் ஓர் இளம் ஆசிரியை. பெயர் போடவேண்டாம் என்றார். கையில் சீட்டு எடுத்த பணம் இருந்தது. கடையொன்றில் எழுதி வாங்கிய விலைப்பட்டியலும் இருந்தது. பட்டியலின் உச்சியில், தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸ் ஒன்று. அதற்கே பணத்தில் அரைவாசிக்கு மேல் போய்விடும்.

“இது எதுக்கு?”

“அங்க குதிரையள் நிக்குதாம் அக்கா.”

நெடுந்தீவு என்றதும் எல்லோருக்கும் குதிரைதான் ஞாபகம் வரும். அந்நியர் ஆட்சிக்காலத்தில் வந்தவற்றின் வழியாகப் பெருகிய மட்டக்குதிரைகள், பெருக்கு மரம், பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், இடிந்த கோட்டை. காலையில் படகேறி வந்து பிற்பகலில் திரும்பிவிடும் உல்லாசப் பயணிகள் இவற்றை ஓடி ஓடிப் படம் எடுக்கிறார்கள். நேரம் இல்லாதவர்களுக்குத்தான் தூர லென்ஸ் தேவை. இரண்டு வருடம் இருக்கப்போகிறவர் ஆறுதலாகக் கிட்டப் போகலாம்.

“நீர் அங்க என்னத்தைப் படம் எடுக்கப் போறீர்?” என்று கேட்டேன். கமரா வாங்குமுன் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது. கடையில் இதைக் கேட்கமாட்டார்கள்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். உள்ளே அடையாள அட்டைக்கு ஒட்டும் அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அவருடைய தகப்பனார். 2009 இல் வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் அல்பங்கள் எல்லாம் பங்கருக்குள் போய்விட்டன. ஒரு பழைய விண்ணப்பப் படிவத்தில் ஒட்டியிருந்த இந்த ஒரு படம் மட்டும் மாமி வீட்டில் அகப்பட்டதாம்.

“இதைப் பெருப்பிச்சுத் தாங்கோ எண்டு எத்தினை பேரைக் கேட்டிட்டன். போனில எடுத்துப் பளபளப்பாக்கி ஆரோ ஒரு ஆளைத் தந்தவை. அது அப்பா இல்லை. அங்கயும் கிழவியளிட்ட இப்பிடிப் படங்கள் இருக்குமெல்லோ அக்கா? அதுகளை ஒழுங்கா எடுத்துக் குடுக்கோணும்.”

இருக்கத்தான் செய்யும். 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் உறவுகள் வாழும் தீவு அது.

கடைப்பட்டியலை மடித்து வைத்துவிட்டு, ஒரு கொப்பித் தாளில் புதிதாக எழுதத் தொடங்கினோம். கலியாண வீடுகளில் கமரா பிடித்து வாழும் எனக்கு இந்தத் தொழிலில் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஆனால் அன்றைக்கு நான் முதலாவதாக எழுதியது கமராவே அல்ல. படம் அச்சிடும் சிறிய இயந்திரம்.

காரணம் இருக்கிறது. போருக்குப் பிறகு எங்களைப் படம் எடுத்தவர்கள் எத்தனை பேர்! நிவாரணத்துக்கு வரிசையில் நின்றபோது எடுத்தார்கள். கோழிக்குஞ்சு தந்தபோது எடுத்தார்கள். வீட்டுத்திட்டத்தில் நாடா வெட்டியபோது எடுத்தார்கள். அறிக்கைகளின் அட்டைகளில் எங்கள் முகங்கள் வந்தன. அவற்றில் ஒன்றாவது எங்கள் சுவருக்கு வந்ததா? ஒரு தீவில் இரண்டு வருடம் கமராவோடு நடமாடப்போகிற பெண், முதல் மாதமே படத்தைக் கையில் கொடுக்காவிட்டால் “இவவும் அப்பிடித்தான்” என்று ஒதுக்கிவிடுவார்கள். அதிலும் நியாயம் உண்டு.

அச்சு இயந்திரங்களில் இரண்டு வகை பற்றி யோசித்தோம். மை தெளித்து அச்சிடும் சாதாரண இயந்திரம் மலிவு. ஆனால் அதன் படம் ஈரம் பட்டால் பெரும்பாலும் கசிந்துவிடும். நெடுநாள் பாவிக்காவிட்டால் மை காய்ந்து துளைகளும் அடைத்துக்கொள்ளும். மற்றையது, சூட்டினால் நிறத்தைக் கடதாசியில் ஏற்றி, கடைசியாக மேலே ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் போடும் வகை. கெனன் ஸெல்பி என்ற சிறிய இயந்திரம் இந்த வகையைச் சேர்ந்தது. அஞ்சலட்டை அளவில் படம் தரும். நிற நாடாவும் கடதாசியும் ஒரே பெட்டியில் கணக்காக வருவதால் ஒன்று முடிந்து மற்றது மிஞ்சாது. விரும்பினால் தனியாக ஒரு பற்றரி வாங்கிப் பூட்டலாம். ஒரு படத்துக்கு ஆகும் செலவு ஸ்ரூடியோவில் கழுவுவதைவிடக் கூடத்தான். ஆகவே அன்றன்று கொடுக்கவேண்டியதை அதில் அச்சிடுவது, பெரிய படங்களைப் பட்டணம் வரும்போது கழுவுவது என்று பிரித்துக்கொண்டோம்.

அடுத்தது கமரா. உண்மையில் இதில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. பத்து வருடத்துக்குள் வந்த, லென்ஸ் மாற்றக்கூடிய சாதாரண கமரா எதுவும் இந்த வேலைக்குக் காணும். பாவித்ததை வாங்குவதில் வெட்கமும் இல்லை. வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கத்தால் டோர்ச் வெளிச்சம் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்திவலை போல் உள்ளே தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிட்டு வாருங்கள். பழைய வகைக் கண்ணாடிக் கமராக்களில் பற்றரி நெடுநேரம் நிற்கும். புதிய கண்ணாடியில்லாக் கமராக்கள் பற்றரியைக் குடிக்கும். ஆனால் அவற்றில் பல, கைத்தொலைபேசி போல யூஎஸ்பி வயரிலேயே சார்ஜ் ஏறும். நெடுந்தீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மின்கம்பி போவதில்லை, மின்சாரம் தீவிலேயே பிறப்பிக்கப்படுகிறது. எனவே சிறிய சூரியத்தகட்டிலும் பவர் பாங்கிலும் சார்ஜ் ஏறக்கூடியதையே தெரிந்தெடுத்தோம். மேலதிகமாக இரண்டு பற்றரிகள்.

லென்ஸ் இரண்டு போதும். கமராவோடு வரும் 18–55 ஒன்று. 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று. சின்ன வீட்டுக்குள் ஒரு குடும்பத்தையே அடக்க முதலாவது வேண்டும். முகத்துக்கு இரண்டாவது. கைத்தொலைபேசியைக் கிட்டப் பிடித்து எடுத்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துவிடும். “இது நானே?” என்று கிழவிகள் கேட்பது இதனால்தான். 50 லென்ஸோடு இரண்டு மீற்றர் தள்ளி நின்று, விறாந்தை வெளிச்சத்தில் எடுத்தால் முகம் முகமாக இருக்கும்.

பழைய படத்தைப் பிரதி எடுப்பதைப் பற்றி அன்று நெடுநேரம் கதைத்தோம். இது வீட்டில் இருக்கும் எவரும் செய்யக்கூடியது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். படத்தை மேசையில் தட்டையாக வையுங்கள். யன்னலோரமாக இருக்கவேண்டும், நேர் வெயில் படக்கூடாது. கமராவை முக்காலியில் பூட்டி, படத்துக்குச் சரி நேராகப் பார்க்கவையுங்கள். சாய்ந்தால் சதுரம் கோணிவிடும். பிளாஷ் போடவே கூடாது. படம் மினுங்கினால் கமராவுக்குப் பின்னால் ஒரு கறுத்தச் சீலையைப் பிடிக்கச் சொல்லுங்கள், மினுக்கம் போய்விடும். விரலால் அமத்தும்போது கமரா ஆடும் என்பதால் இரண்டு செக்கன் தாமதம் வைத்து எடுங்கள். அடையாள அட்டை அளவுப் படத்துக்கு 50 லென்ஸ் போதியளவு கிட்டப் போகாது. லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் பூட்டும் வெறும் வளையம் ஒன்று விற்கிறார்கள். உள்ளே கண்ணாடி கிடையாது, விலையும் குறைவு. அது பூட்டினால் தபால்தலை அளவையும் முழுதாக நிரப்பலாம். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவேண்டாம், கண்ணாடியோடேயே எடுங்கள். உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கடைசியாக ஒன்று: திருத்தாத படத்தை அப்படியே ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதன் பிரதியில்தான் கீறல்களை அழிக்கவேண்டும். முகத்தில் கை வைக்கவேண்டாம்.

அவருடைய தகப்பனாரின் படத்தை அன்றைக்கே இந்த முறையில் எடுத்துப் பார்த்தோம். இடது புருவத்தில் ஒரு தழும்பு தெரிந்தது. “சின்னனில மாட்டுக்கொம்பு பட்டது எண்டு அம்மா சொல்லுறவ” என்றார்.

இனி உப்பு. குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம். சோளகக் காற்றுக் காலத்தில் அலை தெறித்து ஆளையே நனைக்கும். வாடைக் காலத்தில் படகு ஓடாத நாட்களும் உண்டு. கமராவும் அச்சு இயந்திரமும் ஒட்டி மூடும் பொலித்தீன் பைகளுக்குள்ளும், அவை இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ளும் போகவேண்டும். தோல் பை அழகு, ஆனால் ஈரத்தை வைத்திருக்கும். ஒரு மாரி முழுதும் தோல் பையில் கிடந்த என் லென்ஸ் பூஞ்சணம் பிடித்தது, நான் கட்டிய ஃபீஸ். படகிலும் கடற்கரையிலும் லென்ஸ் மாற்றாதீர்கள். லென்ஸின் முன்னால் ஒரு வெறுங்கண்ணாடி பூட்டி வைத்தால் உப்பை அது வாங்கிக்கொள்ளும். உப்புப் பட்டதைக் காய்ந்த துணியால் தேய்த்தால் மண்கடதாசி போட்டது போலத்தான். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் புகாது என்று விற்கும் தொலைபேசிகளையும் நம்பவேண்டாம், அந்தச் சோதனை நன்னீரில் செய்வது.

பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போடவேண்டும். அரிசி போடலாம் என்பார்கள். அரிசித் தூள் கமராவுக்குள் போவதுதான் மிச்சம். மணிகளில் செம்மஞ்சள் நிற வகையை வாங்குங்கள். நிறம் மாறினால் சமைக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் வாட்டித் திரும்பப் பாவிக்கலாம். நீல நிற மணிகளில் நஞ்சு உண்டு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

எடுத்த படங்கள் இரண்டு இடத்தில் இருக்கவேண்டும். பெரிய மெமறி காட் ஒன்றுக்குப் பதில் சிறியவை நாலு. எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்குகளில் பிரதி செய்து, ஒன்றைத் தீவில் வைத்து மற்றதை மாதாமாதம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேண்டும். ஒரே பையில் எல்லாவற்றையும் வைத்து இழந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்படித் தீவில் தங்கிப் படம் எடுத்த ஒரு பெண்ணின் கதையையும் அவருக்குச் சொன்னேன். மார்கிரட் ஃபே ஷோ, 1903 இல் அமெரிக்காவில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். ஸ்கொட்லாந்துக்கு மேற்கே உள்ள தெற்கு யூயிஸ்ற் என்ற தீவுக்குப் பாட்டுச் சேகரிக்கப் போய், 1929 முதல் 1935 வரை இரு சகோதரிகளின் வீட்டில் தங்கினார். பெரிய வசதிகள் இல்லாத வீடு. அந்தச் சகோதரிகள் மாடு பார்ப்பதையும் பயிர் செய்வதையும் அயலவர் முகங்களையும் படம் எடுத்தார். அந்தத் தீவின் அக்கால வாழ்வைப் பார்க்க இன்று அவருடைய படங்களைத்தான் தேடுகிறார்கள். 2004 இல், 101 வயதில் காலமானார். சனங்கள் அவரை வந்துபோகும் ஆளாகப் பார்க்கவில்லை என்பது அந்த முகங்களிலேயே தெரியும்.

“அப்ப குதிரை லென்ஸ் வேண்டாம் எண்டுறீங்கள்” என்றார் சிரித்துக்கொண்டு.

“ஆறு மாதம் இருந்து பாரும். தேவையெண்டால் பிறகு வாங்கலாம்.”

பறக்கும் கமரா ஆசையும் இருந்தது. அதற்குப் பதிவும் அனுமதியும் வேண்டும், அதோடு தலைக்கு மேலே ஏதும் இரைந்தால் இன்றைக்கும் உள்ளுக்குள் ஓடுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள் என்று சொன்னேன். கடற்படையினர் இருக்கும் இடங்களின் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம் என்றும் சொன்னேன். போனவுடன் கிராம அலுவலருக்கும் மாதர் சங்கத்துக்கும் விசயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. காணாமற்போனவரின் படத்தைப் பிரதி எடுக்கும்போது, கேட்காமல் எவருக்கும் அனுப்பவோ முகநூலில் போடவோ கூடாது. சில அம்மாமார் தங்களைப் படம் எடுக்க விடமாட்டார்கள், கணவர் போன நாளிலிருந்து கமரா முன் நிற்காதவர்கள். அவர்களிடம் இரண்டாம் தரம் கேட்கவேண்டாம்.

கடைசியில் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் மிஞ்சியது. அதற்கும் கடதாசிப் பெட்டிகளே வாங்கினார்.

போய் இரண்டு மாதமாகிறது. போன கிழமை வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். பின்னால் காற்று இரைந்தது.

“அக்கா, கடதாசி முடிஞ்சுது. ஒரு ஆச்சி தன்ர மனிசன்ர படத்தைக் கொண்டந்து தந்திட்டு ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட வாசல்ல வந்து நிக்கிறா. படகில ஆரும் வந்தால் இரண்டு பெட்டி குடுத்து விடுங்கோ. குதிரையள் எங்கட குவாட்டர்ஸ் மதிலடியில வந்து நிக்குதுகள்.”