உங்களுக்குத் தெரியுமா? வேலை போனது, விளையாட்டு வந்தது

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவில் புதுக் கட்டடம் கட்டுவோர் அருகிப்போனார்கள். வேலையிழந்த கட்டடக் கலைஞர்களில் ஒருவர் ஆல்ஃபிரெட் பட்ஸ். சும்மா இருக்க முடியாமல், எழுத்து வில்லைகளை அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்க உட்கார்ந்தார். எந்த எழுத்துக்கு எத்தனை வில்லை? 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் முதல் பக்கத்தை விரித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார்! அடிக்கடி வந்த 'ஈ'க்கு 12 வில்லை, 1 புள்ளி. அரிதான 'க்யூ'வுக்கு ஒரே வில்லை, 10 புள்ளி. 'எஸ்' மட்டும் வேண்டுமென்றே நான்கோடு நிறுத்தப்பட்டது. இல்லாவிட்டால் எல்லாரும் பன்மை போட்டே ஜெயித்துவிடுவார்களே!

வரைபடக் கருவிகளால் எழுத்துகளை வரைந்து, மரத்துண்டுகளில் ஒட்டி, தானே பெட்டிகள் செய்தார். பெரிய கம்பெனிகள் கையை விரித்தன. 1948-இல் நண்பர் ஜேம்ஸ் புருனோ தயாரிப்பு உரிமை பெற்று 'ஸ்கிராபிள்' என்று பெயரிட்டார். 1949-இல் 2,400 பெட்டிகள் செய்தும் மிஞ்சியது 450 டாலர் நஷ்டம்தான். 1952-க்குப் பிறகோ, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து மாளவில்லை.

இதில் வேடிக்கை, பட்ஸ் எழுத்துப்பிழையில் பேர்போனவர். அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.