பழைய ஹார்ட் டிஸ்க்குடன் ஒரு எஸ்.எஸ்.டி.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு ஞாயிறு காலை பதற்றத்துடன் வந்தார். "தம்பி, சத்தம் போடுதேன்னு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, விண்டோஸ் வரமாட்டேங்குது. பொண்ணு நாளைக்கு காலேஜ் புராஜெக்ட் கொடுக்கணும்" என்றார். ஆறு மாதம் முன்புதான் எஸ்.எஸ்.டி. எனும் சாலிட் ஸ்டேட் டிரைவ் வாங்கி, அதில் விண்டோஸைப் பதிந்திருந்தார். பிறகு ஏன் இந்தச் சிக்கல்? அதற்கு முன், இரண்டு டிரைவ்கள் எதற்கு என்று பார்ப்போம்.

டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க்கில் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். ஒரு பைலைத் தேடி அதன் ஹெட் நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் இருப்பவை பிளாஷ் மெமரி சிப்கள். நகரும் பாகம் ஏதுமில்லை. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு பைல்களைப் படிப்பதால், வேக வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அதே விலைக்கு ஹார்ட் டிஸ்க்கில் கூடுதல் இடம் கிடைக்கும். லேத் பட்டறையில் தினமும் தேவைப்படும் டூல்ஸ் மெஷின் அருகில் இருக்கும். மற்றவை ஸ்டோரில் இருக்கும். அதுபோல விண்டோஸும் புரோகிராம்களும் எஸ்.எஸ்.டி.யில், போட்டோ, வீடியோ, பாடல்கள் ஹார்ட் டிஸ்க்கில்.

அண்ணன் கம்ப்யூட்டரில் நடந்தது இதுதான். இரண்டு டிரைவ்களும் இணைந்திருக்கும்போது விண்டோஸைப் பதிந்தால், அதைத் தொடங்கி வைக்கும் பூட் பைல்கள் சில வேளைகளில் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே எழுதப்படும். அதைக் கழற்றினால் எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் இருந்தும் பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கை மீண்டும் மாட்டினோம், விண்டோஸ் வந்தது. முதல் வேலையாகப் புராஜெக்டை பென் டிரைவில் காப்பி செய்தோம்.

நீங்கள் எஸ்.எஸ்.டி. பொருத்தும்போது இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முக்கிய பைல்களை வெளியே வேறொரு டிரைவில் காப்பி எடுக்கவும்.

2. மின் இணைப்பைத் துண்டித்து, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றவும். எஸ்.எஸ்.டி.யை மட்டும் இணைத்து விண்டோஸைப் பதியவும். தவறான டிஸ்க்கை அழித்துவிடும் ஆபத்தும் இதனால் நீங்கும்.

3. கம்ப்யூட்டரை நிறுத்தி, ஹார்ட் டிஸ்க்கை மீண்டும் மாட்டவும். பயாஸ் செட்டிங்கில் பூட் வரிசையில் எஸ்.எஸ்.டி.யை முதலாவதாக அமைக்கவும்.

4. பிக்சர்ஸ் போல்டரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்டீஸ், லொகேஷன், மூவ் எனச் சென்று ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டரைத் தேர்ந்தெடுக்கவும்.

ஏற்கெனவே இரண்டு டிரைவ்கள் உள்ளனவா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மெண்ட் திறக்கவும். எஸ்.எஸ்.டி.க்கு எதிரே எங்கும் 'சிஸ்டம்' என்ற சொல் இல்லையென்றால், பூட் பைல்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் உள்ளன. அதைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இரண்டு டிரைவ்கள் இருப்பதாலேயே பைல்களுக்கு இரண்டு காப்பி இருக்கிறது என்று பொருளில்லை. இரண்டுமே ஒருநாள் பழுதாகலாம். வீட்டுப் போட்டோக்களுக்கு வெளியே தனியாக ஒரு காப்பி எப்போதும் இருக்கட்டும்.