மார்கழிப் பனியும் பழைய காரும்

நாங்கள் ஊட்டியில் குடியிருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினோம். இங்கே டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் குளிர் 0 டிகிரியை நெருங்கும். புல்வெளியெல்லாம் உப்புக் கொட்டியது போல உறைபனி படிந்திருக்கும். 'அவசரத்துக்குக் கார் இருக்கிறதே' என்று நிம்மதியாக இருந்தேன்.

போன ஜனவரியில் ஒருநாள் அதிகாலை 4 மணிக்கு என் சின்னவளுக்கு மூச்சிரைப்பு. தூக்கிக்கொண்டு ஓடினால், கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை! கண்ணாடியிலோ கெட்டிப் பனி. பதற்றத்தில் நான் வெந்நீரை ஊற்ற, கண்ணாடி 'படக்'கென்று விரிசல் விட்டது. பக்கத்து வீட்டு அண்ணன்தான் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நல்லவேளை, பிழைத்தாள்.

"பேட்டரி பழசாயிடுச்சு அக்கா. குளிர்ல அதோட பலம் இன்னும் குறைஞ்சிடும். ரேடியேட்டர்லயும் வெறும் தண்ணிதான் இருக்கு. அது உறைஞ்சா இன்ஜினே வெடிப்பு விட்டுடும்" என்றார் மெக்கானிக்.

இப்போதெல்லாம் கார்த்திகை பிறந்ததுமே பேட்டரியைச் சோதித்துவிடுகிறோம். அதன் முனைகளில் பூக்கும் வெள்ளைப் பூவைத் துடைத்து வாஸலின் தடவுகிறோம். ரேடியேட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுகிறோம். ராத்திரியில் முன்கண்ணாடி மேல் பழைய ஜமுக்காளம் போர்த்துவது என் வேலை.

தோழிகளே, வண்டி ஆண்கள் சமாச்சாரம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவசரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவிப்பது நாம்தானே!

— ஓர் இல்லத்தரசி, ஊட்டி.