இரக்கம் வைப்பதும் இரக்கம் காட்டுவதும்

எங்கட பேச்சில் ‘இரக்கம்’ என்ற சொல்லுக்கு இரண்டு கருத்து உண்டு. ஏழையைக் கண்டு மனம் இளகுவதும் இரக்கம்; உம்மா வாப்பாவில், புள்ளைகளில், கூட்டாளியில் வைக்கும் பாசமும் இரக்கம்தான். “அவருக்கு என்னில நல்ல இரக்கம்” என்று ஒருவர் சொன்னால், அவர் பாசத்தைத்தான் சொல்கிறார் என்பது கேட்பவருக்கு உடனே விளங்கும். அறபியின் ‘ரஹ்மத்’ என்ற சொல்லும் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு செய்தியைப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் தமது பேரர் ஹஸன் (ரழி) அவர்களை முத்தமிட்டார்கள். பக்கத்தில் இருந்த அக்ரஃ இப்னு ஹாபிஸ், தனக்குப் பத்துப் புள்ளைகள் இருப்பதாகவும் ஒருவரையும் தான் முத்தமிட்டதில்லை என்றும் சொன்னார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே நபியவர்களின் பதில். அக்ரஃ புள்ளைகளை வெறுத்தவர் என்று அந்தச் செய்தியில் இல்லை. அவர் மனதில் பாசம் நிறைய இருந்திருக்கலாம். ஆனால் அதை அவர் காட்டவில்லை. பேச்சு வந்தது அதைப் பற்றித்தான்.

நபியவர்களின் வாழ்க்கையில் அன்பு வெளியே தெரிந்தது. மகள் ஃபாத்திமா (ரழி) வந்தால் எழுந்து நின்று, கையைப் பிடித்து, முத்தமிட்டு, தமது இடத்தில் உட்கார வைப்பார்கள். மனிதரில் உங்களுக்கு மிகப் பிரியமானவர் யார் என்று அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) கேட்டபோது, கொஞ்சமும் தயங்காமல் ஆயிஷா என்று சொன்னார்கள். முஆத் (ரழி) அவர்களின் கையைப் பிடித்து, அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு, உம்மை நேசிக்கிறேன் என்றார்கள். தொழுகைக்குப் பின் ஓதும் ஒரு துஆவை அதன் பிறகுதான் கற்றுக் கொடுத்தார்கள். கதீஜா (ரழி) மௌத்தான பிறகும், ஆடு அறுத்தால் அவரின் தோழிமாருக்கு ஒரு பங்கு போகும். மனைவியின் கூட்டாளிமாரைக் கூட மறக்காத அன்பு அது.

இதில் பாதியை நம் சமூகம் நன்றாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆணம் ஆக்கினால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அயல்வீட்டையும் பார்க்கும்படி அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எங்கட உம்மாமார் அந்த ஹதீஸின் கிரந்தத்தை அறியாமலே அதைச் செய்துவந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அவர்களுக்கு மனம் வராது. ஒன்றுமில்லாவிட்டால் முற்றத்து முருங்கைக்காய் இரண்டாவது அதில் போகும். ஒரே சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது, இறைச்சித் துண்டைத் தன் பக்கம் இழுக்காமல் அடுத்தவர் பக்கம் தள்ளி வைப்பதும் அன்பின் பாஷைதான். மகனை “வாங்க வாப்பா” என்றும் மகளை “சாப்பிடுங்க உம்மா” என்றும் கூப்பிடுவதில், புள்ளைக்குப் பெற்றவரின் இடத்தையே கொடுக்கும் ஒரு பாசம் இருக்கிறது.

கிழக்கிலே கல்யாணம் முடித்த ஆண்மகன் பெண்வீட்டுக்குப் போய் வாழ்கிறான். சுபஹு தொழுதுவிட்டு, உம்மாட வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்புகிற ஆண்களை எங்கட ஊரில் நான் இன்றும் காண்கிறேன். பத்து நிமிஷக் கதைதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே உம்மா கேத்தலை அடுப்பில் வைத்துக் காத்திருக்கிறா.

மற்றப் பாதியில்தான் நாம் குறைந்து போகிறோம். வாயால் சொல்வதற்கு நமக்கு வெட்கம். 1970களிலிருந்து மத்திய கிழக்குக்குப் போய் உழைக்கும் வாப்பாமாரைப் பாருங்கள். காசு வருகிறது, பெட்டி வருகிறது. தொலைபேசியில் வருவதோ “படிக்கிறீங்களா மகன்? காசு கிடைச்சிச்சா?” என்ற இரண்டு கேள்விதான். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு ஏக்கம் இருக்கிறது என்பது பெரியவர்களுக்கு விளங்கும். எட்டு வயதுப் புள்ளைக்கு விளங்காது. அதற்குக் காது கேட்க ஒரு வார்த்தை வேண்டும். கடைசியில் மகன் தன் பாசத்தை ஜனாஸா வீட்டில் அழுது சொல்கிறான், அல்லது முகநூலில் எழுதுகிறான். ஊரே வாசிக்கிறது, வாப்பா மட்டும் வாசிப்பதில்லை.

அபூதாவூதில் அனஸ் (ரழி) அறிவிக்கும் ஒரு செய்தி இதற்கு வழி காட்டுகிறது. நபியவர்களோடு இருந்த ஒருவர், அவ்வழியால் போன இன்னொருவரைக் காட்டி, இவரை நான் நேசிக்கிறேன் என்றார். அவருக்கு அதைச் சொல்லிவிட்டீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், போய்ச் சொல்லும்படி அனுப்பினார்கள். அவர் எழுந்து போய், அல்லாஹ்வுக்காக உம்மை நேசிக்கிறேன் என்று சொன்னார். எவனுக்காக என்னை நேசித்தீரோ அவன் உம்மை நேசிப்பானாக என்ற துஆ அவருக்குப் பதிலாகக் கிடைத்தது. ‘மனதில் இருந்தால் போதும், அவருக்குத் தெரியும்தானே’ என்ற நமது வழக்கமான சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

புதிதாகப் பெரிய காரியம் எதுவும் செய்யத் தேவையில்லை. மனைவி ஆக்கிய சோறு ருசியாக இருந்தால் அதை அவர் காதுபடச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து கதைக்கும் வாப்பா, காசுக் கணக்குக்கு முந்தி “ஒங்கட ஞாபகமாவே இருக்கு மகன்” என்று ஒரு வரி சொல்லலாம். இருபது வருஷக் கூட்டாளியிடம் ஜும்ஆ முடிந்து முஸாபஹா செய்யும்போது, அல்லாஹ்வுக்காக உங்களில் எனக்கு நல்ல இரக்கம் என்று சொல்லலாம். முதல் தரம் இரண்டு பேருக்கும் வெட்கமாகத்தான் இருக்கும். அவர் சிரித்து, பதில் துஆவை மறந்தும் விடலாம். அப்போது அந்தத் துஆவையும் நாமே சொல்லிக் கொடுத்துவிட்டு வருவோம்.